இருக்கேன்

அத்தியாயம் ஒன்பது

போன வாரம் கதவை அறைந்து சாத்திவிட்டு வெளியேறிய சின்னவள் அன்றைக்கே திரும்பி வந்துவிட்டாள். வீட்டுச் செருப்போடு கிளம்பியவள் எவ்வளவு தூரம் போக முடியும்? தெருமுனை மருந்துக்கடை வரை போயிருக்கிறாள். அங்கே எடை பார்க்கும் இயந்திரத்தில் ஏறி இறங்கியிருக்கிறாள். வந்து கை கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தாள்.

யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதில் அந்த வீட்டாருக்கு நல்ல பழக்கம் உண்டு. கல்லூரிகளுக்கிடையே நடந்த கூடைப்பந்து இறுதி ஆட்டத்தில் ஒரு புள்ளியில் கோப்பை போனது. போனது சின்னவளின் கையிலிருந்து. ஊருக்கே தெரிந்த செய்தி வீட்டுக்குள் மட்டும் நுழைய முடியாமல் வாசலில் நின்றது.

இன்று கல்லூரியில் கூட்டம். கோச் அணியை உட்காரவைத்து, முடிந்த ஆட்டங்களின் வீடியோவைப் போட்டு, அடுத்த பருவத்தில் யாருக்கு எந்த இடம் என்று சொல்வார். வீடியோவை வெட்டித் தருவது உதவிப் பயிற்சியாளரின் வேலை. உதவிப் பயிற்சியாளர் பெரியவள்.

அதாவது, சின்னவளின் குற்றங்களை எல்லார் முன்னாலும் போட்டுக் காட்டப் போவது கூடப்பிறந்த அக்கா. போன வாரம் கதவு அறைபட்டது இதற்குத்தான்.

காலையில் பெரியவள் சாப்பாட்டு மேசையில் கம்ப்யூட்டரைத் திறந்து வைத்திருந்தாள். இடது காலை எதிர் நாற்காலியில் நீட்டியிருந்தாள். முழங்காலில் அறுவை செய்த தழும்பு. அதே அணியில் அதே கார்டு இடத்தில் ஆடியவள் அவள். பந்தைக் கொண்டுபோவது, ஆட்டத்தை நடத்துவது, எதிரணியின் கார்டை மறித்து நிற்பது என்று அந்த இடத்துக்கு உள்ள வேலையெல்லாம் அலட்டிக்கொள்ளாமல் செய்தவள். முழங்கால் போனதும் கோச் அவளுக்குப் பெஞ்சில் ஓர் இடம் கொடுத்தார். கூடவே ஒரு விசில், ஒரு கம்ப்யூட்டர்.

திரையில் சின்னவள் ஓடினாள், கையை நீட்டினாள், ஏமாந்தாள். படம் பின்னால் போனது. மறுபடி ஓடினாள், நீட்டினாள், ஏமாந்தாள். சத்தம் இல்லை.

அம்மா கையில் சாவியை வைத்துக்கொண்டு சாவியைத் தேடிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் காலை ஷிஃப்ட். போகிற போக்கில் திரையைப் பார்த்தாள்.

"ஏன்டி, அவ பந்தைப் பிடுங்கினது ஒண்ணுகூடவா இல்ல?"

"இருக்கும்மா. இது அந்தக் கூட்டம் இல்ல."

"நடுவுல ரெண்டு நல்லதையும் சொருகேன். பார்க்கிறவங்களுக்கும் அலுக்காது."

"கல்யாண ஆல்பமா போடறேன்?"

சின்னவள் ஈரத் தலையோடு வந்து நின்றாள்.

"எத்தனை தேறுச்சு?"

"என்ன?"

"என் குத்தம்."

பெரியவள் நிமிரவில்லை. "இடது பக்கம் நகர்றப்ப காலைக் குறுக்க வைக்கிற. எதிர்ல இருக்கறவளோட இடுப்பைப் பார்க்காம பந்தைப் பார்க்கிற. ஒருத்தி குறுக்க நின்னு மறிச்சா, அவளைச் சுத்தி வராம அவமேலயே முட்டிக்கிட்டு நிக்கிற."

"கடைசி?"

"என்ன கடைசி?"

"கடைசி ஆட்டத்துல கடைசி."

"அதுவும் இருக்கு."

"சத்தத்தோடயா?"

விசைப்பலகை மேலிருந்த விரல் நின்றது. பிறகு தட்டியது.

"கோச் மேடம் சத்தம் வச்சுப் பார்க்க மாட்டாங்க. உனக்குத் தெரியாதா?"

"தெரியும்," என்றாள் சின்னவள்.

அந்த அணியில் ஒரு விதி உண்டு. எதிராளி பந்தோடு நிற்கும்போது அவளை மறித்து நிற்பவள் பந்துக்குப் பாயக் கூடாது. பாய்ந்து தவறினால் பின்னால் வாசல் திறந்து கிடக்கும். ஒரே ஒரு சமயத்தில் பாயலாம். பின்னால் இன்னொருத்தி வந்து நின்று "இருக்கேன்" என்று கத்த வேண்டும். நீ போ, தவறினால் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அதற்குப் பொருள்.

மற்ற அணிகளுக்கு வேறு வேறு சொற்கள். இந்த அணிக்கு இந்தச் சொல்லைக் கொண்டுவந்தவள் பெரியவள். அவளுக்கு அது அப்பாவிடமிருந்து வந்தது.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். பாதியில் நின்ற லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களிடம் அவர் முதலில் சொல்வது அதைத்தான். இருக்கேன். திருகாணியைத் தொடுவதெல்லாம் பிறகு. பெண்கள் சிறுமிகளாக இருந்தபோது குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில் பழைய இரும்பை வளைத்து ஒரு வளையம் மாட்டிக் கொடுத்தார். தூண்களுக்கு நடுவே ஆட்டம். முன்னால் சின்னவள், பின்னால் பெரியவள். காதுக்குப் பின்னால் "இருக்கேன்" என்று கேட்டதும் சின்னவள் பாய்வாள். கிடைத்தால் பந்து அவளுக்கு. கிடைக்காவிட்டால் வேலை அக்காவுக்கு. பாய்ந்து தவறியதற்காக அவள் ஒருநாளும் திட்டு வாங்கியதில்லை.

இறுதி ஆட்டத்தின் கடைசி நொடிகளில் இவர்கள் அணிக்கு ஒரு புள்ளி முன்னிலை. "முன்னாலேயே நில்லு, பந்துக்குப் போகாத" என்று கோச் சொல்லி அனுப்பியிருந்தார். நின்றாள். கை துறுதுறுத்தது. அப்படியும் நின்றாள். அப்போது இடது தோளுக்குப் பின்னாலிருந்து அந்தக் குரல் வந்தது.

இருக்கேன்.

பாய்ந்தாள். பந்து விரல் நுனியில் உரசிக்கொண்டு போனது. திரும்பிப் பார்த்தபோது பின்னால் அணியில் ஒருத்தியும் இல்லை. தள்ளித் தங்கள் பெஞ்ச்தான் இருந்தது. பெஞ்சுக்கு முன்னால், கோட்டை ஒட்டி, முழங்காலை மடக்கி, இரண்டு கைகளையும் விரித்து, ஆடுகிறவளைப் போலவே நின்றுகொண்டிருந்தாள் பெரியவள்.

சின்னவள் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்வதாக இருந்தாள்.

*

"வண்டில ஏறு. நான் விடறேன்," என்றார் அப்பா.

அவர் அப்படிச் சொல்கிறவர் இல்லை. கருவிப் பையை முன்னால் வைத்து, பெண்ணைப் பின்னால் ஏற்றி, ஸ்கூட்டர் இரண்டு தெரு தாண்டியதும் போன் அடித்தது. ஹெல்மெட்டுக்குள் செருகிக்கொண்டு பேசினார்.

"பயப்படாதீங்க மேடம். கதவுல கை வைக்காதீங்க. நான் இருக்கேன். வெளியிலதான் இருக்கேன்."

சிக்னல் சிவப்பாக இருந்தது. பக்கத்தில் ஒரு தண்ணீர் லாரி உறுமிக்கொண்டு நின்றது.

"சிக்னல்ல இருக்கீங்கப்பா."

"உள்ள இருக்கறவங்களுக்கு அது எதுக்குத் தெரியணும்?"

"பொய்தானே?"

"வந்து சேர்ற வரைக்கும்தான் பொய். கெட்டியாப் புடிச்சுக்கோ."

அலுவலகக் கட்டடம் ஒன்று. லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றிருந்தது. அப்பா மொட்டைமாடி இயந்திர அறைக்குப் படியேறினார். "நீ கதவுகிட்ட நின்னு பேச்சுக் குடு. உள்ள அழ விடாத."

மூடிய இரும்புக் கதவுக்கு முன்னால் சின்னவள் நின்றாள். உள்ளே செருப்பு தேயும் சத்தம்.

"வெளிய யாராவது இருக்கீங்களா?"

வாயைத் திறந்தாள்.

"இருக்கேன்."

"யாரு, மெக்கானிக்கா?"

"மெக்கானிக் பொண்ணு. அவரு மேல இருக்காரு. சக்கரத்தைக் கையால சுத்தி உங்களை இறக்குவாரு. கொஞ்சம் ஆடும்."

"அறுந்து விழுந்துடாதே?"

"விழாது. உங்க எடை எவ்வளவு?"

"ஐயோ, எதுக்கும்மா?"

"சும்மாதான். பேச்சுக் குடுக்கச் சொன்னாரு."

உள்ளே ஒரு சிரிப்பு கேட்டது. லிஃப்ட் அங்குலம் அங்குலமாக இறங்கியது. அப்பா வந்து சாவி போட்டுக் கதவைத் திறந்தார். கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓர் அம்மாள் வெளியே வந்தாள். கண் மை கன்னம் வரை இறங்கியிருந்தது.

"நல்லவேளை. போன் பண்ணப்பவே நீங்க வெளியிலதான் இருக்கீங்கன்னு சொன்னீங்க. அந்தத் தைரியத்துலதான் நின்னேன்."

"அதுக்குத்தானே மேடம் நாங்க இருக்கோம்," என்றார் அப்பா. கண்கூட இமைக்கவில்லை.

அந்த அம்மாள் படியிறங்கிப் போனதும் அவர் படியிலேயே உட்கார்ந்தார். கிழிந்த துணியால் விரல்களைத் துடைத்தார். துடைத்து முடித்தும் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு போனை எடுத்து ஒரு வீடியோவை ஓடவிட்டு அவள் பக்கம் நீட்டினார்.

கூட்டத்தின் இரைச்சல். அப்பாவின் மூச்சு. யாரோ ஒரு பெண்மணி "கையை எடுங்க சார், மறைக்குது" என்கிறாள். படம் ஆடுகிறது. சின்னவள் எதிராளியின் முன்னால் நிற்கிறாள். நன்றாகத்தான் நிற்கிறாள். அப்போது, இரைச்சலை இரண்டாகக் கிழித்துக்கொண்டு, இருக்கேன்.

அப்பா வீடியோவை நிறுத்தினார்.

"எப்பத் தெரிஞ்சுது உங்களுக்கு?"

"அன்னிக்கே."

"அம்மாவுக்கு?"

"தெரியாது."

"அக்காவுக்கு?"

"அவளா கத்தல கண்ணு. உள்ள கெடந்தது வெளிய வந்துடுச்சு. அவளுக்குக் கால்தான் போச்சு, ஆட்டம் போகலையே."

"சரி. அதனால?"

"அதனால ஒண்ணுமில்ல. இன்னிக்கு அங்க போய் நீ எதையும் சொல்லாத."

சின்னவள் சுவரைப் பார்த்தாள். தீயணைக்கும் உருளை ஒன்று தொங்கியது. அதன் மேல் தூசி.

"மேடம் என்னைப் பெஞ்சுல உட்கார வச்சுடுவாங்கப்பா. அடுத்த வருஷம் எனக்குக் கடைசி வருஷம். கம்பெனி டீமுக்கு ஆள் எடுக்க அப்பதான் வருவாங்க. வர்றவங்க முதல்ல எறங்கற அஞ்சு பேரைத்தான் பார்ப்பாங்க. பெஞ்சையா பார்ப்பாங்க?"

"தெரியும்."

"தெரிஞ்சுதான் சொல்றீங்களா?"

"பெஞ்சுல உட்கார்ந்துக்கிட்டு தன் ஆளையே ஏமாத்திட்டான்னு தெரிஞ்சா, அவளை ஒரு நாள் வச்சிருப்பாங்களா? அந்த பெஞ்சை விட்டா அவளுக்கு வேற எடம் ஏது?"

"எனக்கு?"

"உனக்கு ரெண்டு கால் இருக்கு."

அவர் அதை ஆறுதலாகத்தான் சொன்னார். சொல்லி முடித்த பிறகு அவருக்கே அது எப்படியோ கேட்டிருக்க வேண்டும். துணியை மடித்தார், பிரித்தார். போனை மறுபடி நீட்டினார்.

"நீயே அழிச்சிடு. உன் கையால அழிச்சா எனக்கும் நிம்மதி."

"உங்க நிம்மதிக்கு என் கை எதுக்கு?"

"கோவப்படாத."

"கோவம் இல்ல. அழிக்கணும்னா நீங்களே அழிங்க."

போனை அவர் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கல்லூரி வாசலில் இறக்கிவிட்டபோது, "முடிஞ்சதும் கூப்பிடு. இங்கதான் இருப்பேன்," என்றார்.

அவள் உள்ளே போனாள்.

*

கூட்டம், உள்ளரங்கத்தை ஒட்டிய சின்ன அறையில். வலைப்பையில் பந்துகள், மூலையில் உடைந்த அறிவிப்புப் பலகை, எங்கும் வலித்தைல வாடை. கோச் புதினா மிட்டாய் ஒன்றைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு முன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஆட்டக்காரிகள் தரையில்.

"சத்தம் வேணாம்," என்றார் வழக்கம்போல. "சத்தம் பொய் சொல்லும். காலைப் பாருங்க."

பெரியவள் சுவரில் விழுந்த படத்தைப் பேனாவால் தொட்டுத் தொட்டுப் பேசினாள். தங்கை என்று சொல்லவில்லை. பேரும் சொல்லவில்லை.

"கார்டு இங்க காலைக் குறுக்க வச்சுட்டாங்க. அதனால உடம்பு திரும்பிடுச்சு. அடுத்தது. கார்டு இங்க பந்தைப் பார்க்கறாங்க. எதிராளி தோளை மட்டும் ஆட்டினதுக்கே ஏமாந்துட்டாங்க. அடுத்தது."

"உங்கக்கா உன்னை உரிச்சு உப்புத் தடவறாடி," என்று காதோரம் முணுமுணுத்தாள் நெட்டை. அணியின் உயரக்காரி. "வீட்டுலயும் இப்படித்தானா?"

"வீட்டுல சத்தத்தையும் நிறுத்திடுவா."

இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவள் அட்டை. எதிராளிமேல் ஒட்டிக்கொண்டால் விடமாட்டாள் என்பதால் வந்த பேர். வளையத்தைப் பார்த்துப் பந்து போடச் சொன்னால் சுவரில் போடுவாள். ஆனால் அவளைத் தாண்டி யாரும் போனதில்லை. சின்னவளின் இடத்துக்கு அடுத்தபடியாக நிற்பவள் அவள்தான். முகத்தில் சந்தோஷத்தைக் காட்டாமலிருக்கப் படாத பாடு பட்டுக்கொண்டிருந்தாள்.

கடைசித் துண்டு ஓடியது. சின்னவள் நின்றாள், பாய்ந்தாள், ஏமாந்தாள். எதிராளி தனியாக ஓடி, பந்தை வளையத்துக்குள் வைத்துவிட்டு வந்தாள். வைத்துவிட்டுத்தான் வந்தாள். எறியக்கூட வேண்டியிருக்கவில்லை. படத்தின் ஓரம் வெட்டப்பட்டிருந்தது. பெஞ்ச் தெரியவில்லை.

"நிறுத்து," என்றார் கோச். திரும்பினார். "நிக்கச் சொன்னேன். நின்ன. நல்லாவே நின்ன. அப்புறம் எதுக்கும்மா போன?"

சின்னவள் சுவரில் நின்றுபோன படத்தைப் பார்த்தாள்.

"யாராவது இருக்கேன்னு சொன்னாங்களா?"

கோச் அன்று களத்தில் இருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"நீ சொன்னியா?"

"நான் மூலையில மாட்டிக்கிட்டிருந்தேன் மேடம்," என்றாள் நெட்டை.

"நீ?"

"இல்ல மேடம்."

"நீ?"

"இல்ல."

"நீ?"

"நான் அந்தப் பக்கம் மேடம்."

பெரியவளை அவர் கேட்கவில்லை. களத்தில் இல்லாதவளை எதற்குக் கேட்பது?

சின்னவள் அக்காவைப் பார்த்தாள். பெரியவளின் பெருவிரல் முழங்கால் தழும்பை ட்ராக் பேண்ட்டின் மேலாகவே தடவிக்கொண்டிருந்தது. இப்போது சொல்லலாம். ஒரு வாக்கியம்தான். அப்பாவின் கருவிப் பை, துடைத்த துணி, இரண்டு கால் எல்லாம் ஒரு நொடி குறுக்கே வந்தன. வந்தவற்றை ஒதுக்கிவிட்டு வாயைத் திறந்தாள்.

பெரியவள் முந்திக்கொண்டாள். சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்.

"கேக்காததைக் கேட்டதா நினைச்சுக்கறா மேடம். சின்ன வயசுலேருந்தே அப்படித்தான். அதான் அவளோட உண்மையான பிரச்சினை."

கூட்டம் முழுவதும் 'கார்டு' என்று சொன்னவள், இப்போதுதான் முதல்முறையாக 'அவளோட' என்றாள்.

சின்னவளின் வாய் திறந்தபடி இருந்தது. இனி எதைச் சொன்னாலும் அது கேட்காததைக் கேட்டவள் சொல்வதாகத்தான் இருக்கும். கதவை வெளியிலிருந்து பூட்டியாகிவிட்டது.

"பந்து கைக்கு எட்டற மாதிரி இருந்துச்சு மேடம்," என்றாள். "போயிட்டேன்."

கோச் மிட்டாயை மறு கன்னத்துக்கு மாற்றினார். அவர் சுற்றி வளைத்துப் பேசுகிறவர் இல்லை.

"நம்ம டீம்ல உன்னை மாதிரி புள்ளி போட ஆள் இல்ல. அதுல சந்தேகம் இல்ல. ஆனா உன்னை நம்பி ஒருத்தி பின்னாடி நிம்மதியா நிக்க முடியல. அடுத்த பருவம் அட்டைதான் முதல்ல எறங்குவா. புள்ளி வேணும்னா நீ உள்ள. இருக்கற புள்ளியைக் காப்பாத்தணும்னா நீ வெளிய. புரியுதா?"

"புரியுது மேடம்."

"வருத்தமா?"

"விருந்தாளி மாதிரி மேடம். வந்துட்டு வந்துட்டுப் போகலாம்."

யாரோ சிரித்தார்கள். கோச் சிரிக்கவில்லை.

"உங்கக்கா உன்னைத் தேத்துவா. தினமும் காலையில அவகூட பயிற்சி. அவளை விட உன்னைத் தெரிஞ்சவ யாரு இருக்கா?"

"ஆமா மேடம்," என்றாள் சின்னவள். "யாரும் இல்ல."

*

கூட்டம் முடிந்ததும் கோச் எல்லாரையும் களத்தில் இறக்கினார். சின்னவளுக்குச் சாம்பல் நிறப் பனியன். இரண்டாம் ஐவருக்கு உள்ளது. அதில் வேறு யாருடைய வியர்வையோ காய்ந்து விறைத்திருந்தது.

"எளிமையான பயிற்சி," என்றார் கோச். "அட்டை பந்தை வச்சிருப்பா. நீ மறிச்சு நில்லு. குரல் கேட்டா மட்டும் பாயணும். கேக்கலைன்னா அசையக் கூடாது." பெரியவளைப் பார்த்தார். "நீ பின்னால நில்லு. நீதான் சொல்லணும்."

பெரியவள் நொண்டாமல் நடக்க முயன்றபடி வந்து பின்னால் நின்றாள்.

அட்டை பந்தைத் தட்டத் தொடங்கினாள். ஒன்றும் பெரிய சாமர்த்தியம் இல்லை. பந்து கைநீட்டும் தூரத்தில் எழும்பி எழும்பி விழுந்தது. சின்னவள் இடுப்பைப் பார்த்தாள். காலைக் குறுக்கே வைக்காமல் நகர்ந்தாள். காலையிலிருந்து கேட்ட குற்றங்கள் ஒவ்வொன்றையும் கழற்றி வைத்துவிட்டு நின்றாள்.

"இருக்கேன்."

அதே குரல். அதே இடது தோள்.

சின்னவள் அசையவில்லை.

"இருக்கேன்!"

அட்டைக்கே தாங்கவில்லை. "எடுத்துக்கோயேன்டி" என்பது போலப் பந்தை இன்னும் அருகே கொண்டுவந்தாள். சின்னவள் நின்ற இடத்திலேயே நின்றாள்.

"இருக்கேன்னு சொல்றேன்ல!" பெரியவளின் குரல் பிசிறியது.

விசில். கோச் வந்தார்.

"கேக்கலையா?"

"கேட்டுச்சு மேடம்."

"அப்புறம் ஏன் போகல?"

"எனக்குக் கேக்காததெல்லாம் கேக்கும்னு அக்கா சொன்னாளே. இதுவும் அப்படித்தானோன்னு நின்னுட்டேன்."

அட்டை சிரித்தாள். வேறு யாரும் சிரிக்காததால் பாதியில் நிறுத்தினாள்.

கோச் சின்னவளின் தோளுக்கு மேலாகப் பின்னால் பார்த்தார். பெரியவள் முழங்காலை மடக்கி, இரண்டு கைகளையும் விரித்து நின்றுகொண்டிருந்தாள். பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் ஒவ்வொரு கையாக இறக்கினாள். காலை நிமிர்த்த மட்டும் நேரமானது.

மிட்டாய் பல்லில் பட்டு நொறுங்கும் சத்தம் கேட்டது.

"அன்னிக்கு நீ எங்க நின்ன?" என்றார் கோச்.

"பெஞ்சுல மேடம்."

"பெஞ்சுல உட்காரத்தான் முடியும். எங்க நின்ன?"

உள்ளரங்கத்தின் மறுமுனையில் யாரோ விட்ட பந்து தட்டித் தட்டி, தட்டுவது குறைந்து, உருண்டு நின்றது.

"அந்த ஆட்டத்தை யாராவது சத்தத்தோட எடுத்தீங்களா?"

கோச் அந்தக் கேள்வியைக் கேட்டு யாரும் அதுவரை கேட்டதில்லை. நெட்டைதான் சொன்னாள். வெள்ளை மனசு அவளுக்கு.

"அவங்கப்பா எடுத்தாரு மேடம். எங்கம்மாவுக்குப் பக்கத்து சீட்டு. ஆட்டம் முழுக்க எடுத்தாராம். எங்கம்மா மூக்குல நாலு தடவை முழங்கை பட்டுச்சாம்."

"வரச் சொல்லுங்க," என்றார் கோச். "போனையும் எடுத்துக்கிட்டு."

இருவரில் யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. பெரியவளின் போன் அவள் பையிலேயே இருந்தது. அவள் கை அதன் பக்கம் போகவில்லை. சின்னவள் சுவரோரம் கிடந்த தன் பையிடம் நடந்தாள். போனை எடுத்துக்கொண்டு திரும்பியபோது அக்கா அவளை நேராகப் பார்த்தாள். அன்றைக்கு முதல்முறை. உதடு அசைந்தது. என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை.

"ஸ்பீக்கர்ல போடு," என்றார் கோச்.

மணி அடித்தது. நெடுநேரம் அடித்தது.

"சொல்லு கண்ணு."

"அப்பா, மேடம் உங்களைப் பார்க்கணுமாம். இறுதி ஆட்டத்துல நீங்க எடுத்த வீடியோ வேணுமாம். எங்க இருக்கீங்க?"

அந்தப் பக்கம் ஒரு லாரி உறுமியது. யாரோ ஹாரன் அடித்தார்கள், விடாமல்.

"இருக்கேன்மா," என்றார் அப்பா. "வெளியிலதான் இருக்கேன்."

உள்ளரங்கத்தின் கதவு திறந்தேதான் இருந்தது. அங்கிருந்து பார்த்தால் கல்லூரி வாசல் தெரியும். அக்காவும் தங்கையும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தார்கள்.

வெளியே யாரும் இல்லை.